விளையாட்டுக்குத் திரட்டும் பணம் யார் கணக்கில் இருக்கிறது?

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள் காலை, பள்ளியொன்றின் உடற்கல்வி ஆசிரியர் எங்கள் கிளைக்கு வந்தார். பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் உள்ள அப்பள்ளியின் பெயர் இங்கு வேண்டாம். நடந்ததை எழுதுவதில் தமக்கு மறுப்பில்லை என்று ஆசிரியரே கூறியதால் எழுதுகிறேன். மாணவியர் கோகோ அணியை வெளியூர்ப் போட்டிக்கு அழைத்துச் செல்வதற்காகப் பெற்றோரும் முன்னாள் மாணவரும் அனுப்பிய 46,000 ரூபாய், யூபிஐ வழியாக அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்கில் சேர்ந்திருந்தது. ஐந்தாம் தேதி, அவருடைய வீட்டுக்கடன் தவணை 18,400 ரூபாய் அதே கணக்கிலிருந்து தானாகப் பிடித்தமாயிற்று. அம்மாதம் ஊதியம் வரச் சற்றுத் தாமதமாகிவிட்டது.

தவணை பிடித்தமானதில் பிழை ஏதுமில்லை. கணக்கில் உள்ள எந்த ரூபாய் பிள்ளைகளுடையது, எந்த ரூபாய் ஆசிரியருடையது என்று கணினி அறியாது. மனைவியின் சங்கிலியை அடகு வைத்து அவர் குறையை ஈடு செய்தார். அணியும் புறப்பட்டுச் சென்றது. ஆனால் திரும்பி வந்தபின் பெற்றோர் ஒருவர் கணக்கு விவரம் கேட்டார். கேட்டதும் நியாயமே. நாங்கள் அச்சிட்டுத் தந்த தாளில் ஆசிரியர் வீட்டு மருத்துவச் செலவும், சீட்டுப் பணமும், மைத்துனருக்கு அனுப்பிய தொகையும் வரிசையாக இருந்தன. "இதை எப்படி சார் ஊருக்குக் காட்டுவது?" என்று அவர் கேட்டபோது எனக்கு விடை தோன்றவில்லை.

நேர்மையான ஒருவர் சந்தேகத்திற்கு உள்ளாவதற்குத் தனிநபர் கணக்கு ஒன்றே போதுமானது. அதில் வேறு இடர்களும் உண்டு. கணக்குதாரர் காலமானால் இருப்புத் தொகை அவருடைய நியமனதாரரிடம் சென்று சேரும். பிள்ளைகளின் பணம் என்று பள்ளி பின்னர் மெய்ப்பிப்பது எளிதன்று. பலருக்கும் பகிரப்பட்ட கியூஆர் குறியீட்டின் வழியே மோசடிப் பணம் ஏதேனும் வந்து சேர்ந்தால், காவல்துறையின் கோரிக்கைப்படி கணக்கில் உள்ள தொகை நிறுத்தி வைக்கப்படவும் கூடும்.

பள்ளிக்குக் கொடுப்பது பெங்களூருத் தமிழருக்குப் புதிதன்று. அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்ததாரர் ஆற்காடு நாராயணசாமி முதலியார் 1873இல் கண்டோன்மென்ட் பகுதியில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கினார். ஆர்.பி.ஏ.என்.எம். என்னும் பெயரில் அவருடைய கல்வி அறக்கட்டளை இன்றும் கல்வி நிலையங்களை நடத்தி வருகிறது. கொடுத்தவருக்குப் பின்னும் கொடை நிலைத்திருப்பதற்குக் காரணம், அது ஓர் அமைப்பின் பெயரில் இருப்பதே. ஐம்பதாயிரம் ரூபாய்க்கும் இதே விதிதான்.

அரசுப் பள்ளியாயின் புதிய அமைப்பு எதுவும் தேவையில்லை. எஸ்.டி.எம்.சி. எனப்படும் பள்ளி வளர்ச்சி மேற்பார்வைக் குழுவின் கணக்கிலேயே செலுத்தலாம். முன்னாள் மாணவரோ பெற்றோரோ தொடர்ந்து நிதி திரட்ட எண்ணினால், 1960ஆம் ஆண்டுக் கர்நாடகச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கத்தைப் பதிவு செய்துகொள்வது நலம்; ஏழு உறுப்பினர் போதும். பதிவுபெற்ற சங்கத்திற்குச் சேமிப்புக் கணக்குத் திறக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. நடப்புக் கணக்குதான் கிடைக்கும் என்று எண்ணி வட்டியை இழக்கின்றனர்.

பதிவுச் சான்று, விதிமுறைகள், சங்கத்தின் பான் அட்டை, கணக்குத் திறப்பதற்கான தீர்மானம், கையொப்பமிடுவோரின் அடையாளச் சான்றுகள் ஆகியவற்றுடன் வாருங்கள். மூவரைக் குறிப்பிட்டு, அவருள் எவரேனும் இருவர் கையொப்பமிட்டால் பணம் எடுக்கலாம் என்று தீர்மானியுங்கள். ஒருவர் இடம் மாறினால் உடனே புதிய தீர்மானம் தாருங்கள். ஒரே ஒரு போட்டிக்கெனத் திறந்து மறந்துபோன கணக்குகளை நான் பார்த்திருக்கிறேன். இரண்டாண்டு வாடிக்கையாளர் பரிவர்த்தனை இல்லையெனில் கணக்கு செயலற்றதாகிவிடும். பத்தாண்டு கடந்தால் தொகை ரிசர்வ் வங்கியின் வைப்பாளர் கல்வி விழிப்புணர்வு நிதிக்கு மாற்றப்படும். கோரித் திரும்பப் பெறலாம் என்றாலும், அதற்குள் கையொப்பமிட்ட மாணவர்கள் எங்கெங்கோ சென்றிருப்பர்.

இனிக் கொடுப்போர் பக்கம். குறியீட்டை ஸ்கேன் செய்ததும் திரையில் தோன்றும் பெயரை ஒருமுறை படியுங்கள். தனிநபர் பெயராயின் காரணம் கேளுங்கள். வரிச்சலுகை வேண்டுமெனில், பெறும் அமைப்பு 80ஜி ஒப்புதல் பெற்றிருக்க வேண்டும். 2,000 ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கத்திற்குச் சலுகை இல்லை. பந்து, வலை, சீருடை என்று பொருளாகத் தந்தாலும் இல்லை. புதிய வரிமுறையைத் தேர்ந்தவர்க்கு இச்சலுகையே கிடையாது.

வெளிநாட்டில் வாழும் முன்னாள் மாணவர் அனுப்பும் பணத்தில்தான் பெருந்தவறு நிகழ்கிறது. இந்தியக் குடியுரிமையுடன் அங்கே பணிபுரிபவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்புவது வெளிநாட்டு நன்கொடையாகாது. அவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றுவிட்டாரெனில் நிலைமை வேறு. அப்போது பெறும் அமைப்பு வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு பெற்றிருக்க வேண்டும். 2020ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், அப்பணம் பாரத ஸ்டேட் வங்கியின் புதுதில்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். ஆண்டுவிழாவுக்கு வந்த பழைய நண்பர் உற்சாகத்தில் அறிவிக்கும் தொகையை ஏற்கும் முன் அவருடைய கடவுச்சீட்டு எந்நாட்டினது என்று கேட்பது நாகரிகக் குறைவாகத் தோன்றலாம், கேட்டுவிடுங்கள்.

உணவுக் கடைகள், நடைப்பயணம், முன்னாள் மாணவர் கிரிக்கெட் என்று திரட்டும் வழிகள் பல. பரிசுக் குலுக்கல் சீட்டை மட்டும் தவிர்க்கவும். கர்நாடகத்தில் லாட்டரிக்கு 2007 முதல் தடை உள்ளது. பள்ளி விழாதானே என்று எண்ணிச் சிக்கலை விலைக்கு வாங்க வேண்டாம்.

கேட்கும் முறையும் முக்கியம். 2022 அக்டோபரில், பெற்றோர் விரும்பினால் மாதம் 100 ரூபாய் வரை எஸ்.டி.எம்.சி. பெறலாம் என்று கர்நாடகக் கல்வித்துறை சுற்றறிக்கை விட்டது. விருப்பம் என்பது நாளடைவில் கட்டாயமாகிவிடும் என எதிர்ப்பு எழவே, சில நாட்களில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த அச்சம் பொருளற்றதன்று. கொடாதவர் பெயர் வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் விடுபட்டுத் தெரிந்தால், அங்கே விருப்பத்திற்கு இடமேது? சேர்க்கையின்போது நன்கொடை கேட்பதோ 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி குற்றம். பெற்ற தொகையைப் போல் பத்து மடங்கு வரை அபராதம் விதிக்கலாம்.

அந்தப் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கத்திற்கு இவ்வாண்டு எங்கள் கிளையில் சேமிப்புக் கணக்குத் திறந்தோம். படிவத்தில் கையொப்பமிடுவோர் பகுதியை நிரப்பும்போது, உடற்கல்வி ஆசிரியர் தம் பெயர் வேண்டாம் என்று ஒதுங்கிக்கொண்டார். அன்று கணக்கு விவரம் கேட்ட அதே பெற்றோர்தான் வற்புறுத்தி அவர் பெயரை மூன்றாவதாக எழுத வைத்தார்.