அடங்காத பையனை மிலிட்டரி ஸ்கூலில் போடலாமா?

அப்பா நினைப்பது ஒன்று. அங்கே நடப்பது வேறு!

"பையன் சொன்ன பேச்சு கேட்கிறதில்லை. கொண்டுபோய் மிலிட்டரி ஸ்கூல்ல போட்டால்தான் சரிப்படுவான்!"

டீக்கடை பெஞ்சிலும் மின்சார ரயிலிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடுகிறான், ராத்திரி 12 மணி வரை செல்போனை நோண்டுகிறான், ஒரு வார்த்தை கேட்டால் ஒன்பது வார்த்தை பேசுகிறான். 13, 14 வயதுப் பையன் இருக்கிற வீட்டில் அப்பா, அம்மாவுக்குத் தூக்கம் ஏது? பக்கத்து வீட்டுக்காரர் உடனே மிலிட்டரி ஸ்கூல் என்று மருந்து எழுதிக் கொடுத்துவிடுகிறார்.

பையனைப் பெட்டி கட்டி அனுப்பும் முன் அந்தப் பள்ளிக்கூடம் எதற்காக இருக்கிறது என்று தெரிந்து கொள்ள வேண்டாமா? இதோ விவரம்:-

திருத்துகிற இடம் இல்லை

திருப்பூர் மாவட்டம் உடுமலைப்பேட்டை பக்கம் அமராவதி அணை இருக்கிறது. ஆனைமலை அடிவாரம். அங்கே அமராவதி நகரில் 1962-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி தொடங்கப்பட்டது சைனிக் பள்ளி. நடத்துவது மத்திய ராணுவ அமைச்சகத்தின் கீழ் உள்ள சைனிக் பள்ளிகள் சங்கம். முப்படைகளுக்கு அதிகாரிகளைத் தயார் செய்யும் கடக்வாஸ்லா தேசிய பாதுகாப்பு அகாடமிக்கு மாணவர்களைத் தயார் செய்வதுதான் இதன் வேலை.

அடங்காத பையனை அடக்குவது அதன் வேலை இல்லை. சொல்லப் போனால் அப்படிப்பட்ட பையன் உள்ளே நுழைவதே கஷ்டம். வாசலில் நுழைவுத் தேர்வு நிற்கிறது!

கணக்கில் கோட்டை விட்டால் அவ்வளவுதான்

6-ம் வகுப்பு, 9-ம் வகுப்பு இரண்டில் மட்டும்தான் சேர்க்கை. சேருகிற ஆண்டு மார்ச் 31-ந் தேதி அன்று 6-ம் வகுப்புக்கு 10 முதல் 12 வயதுக்குள்ளும், 9-ம் வகுப்புக்கு 13 முதல் 15 வயதுக்குள்ளும் இருக்க வேண்டும். 2021-22 முதல் பெண் பிள்ளைகளுக்கும் இடம் உண்டு. தேசிய தேர்வு முகமை தேர்வை நடத்துகிறது.

9-ம் வகுப்புத் தேர்வுக்கு மொத்தம் 400 மார்க். அதில் கணக்குக்கு மட்டும் 200! மீதிதான் இங்கிலீஷ், விஞ்ஞானம், சமூக அறிவியல், புத்திக்கூர்மை எல்லாவற்றுக்கும். கணக்கு வராத பையனை "முயற்சி பண்ணிப் பாருடா" என்று தள்ளிவிட்டால் அவன் மனசு உடைந்து போவதுதான் மிச்சம்.

தமிழ் மீடியத்தில் படிக்கிற பிள்ளைகளின் பெற்றோர் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். 6-ம் வகுப்புத் தேர்வைத் தமிழில் எழுதலாம். 9-ம் வகுப்புக்கு இங்கிலீஷ் மட்டுமே. உள்ளே போன பிறகும் பாடம் இங்கிலீஷில்தான். பாடத்திட்டம் சி.பி.எஸ்.இ. இதுவரை மாநிலப் பாடத்தில் படித்த பையன் புது பாஷை, புதுப் பாடம், புது ஊர் மூன்றையும் ஒரே வருஷத்தில் சமாளிக்க வேண்டும். இரண்டாவது வருஷம் 10-ம் வகுப்பு பொதுத் தேர்வு வந்து நிற்கும். "பிடிக்கலப்பா" என்று நடுவில் அவன் திரும்பி வந்தால், விட்ட பாடத்தை யார் பிடித்துக் கொடுப்பது? அப்பாவின் வீம்புக்குப் பையன் ஒரு வருஷத்தை இழக்க வேண்டியதுதான்!

விடியும் முன் விசில்

அங்கே எல்லோருக்கும் ஆஸ்டல்தான். வீட்டிலிருந்து போய் வருகிற பேச்சே இல்லை. பொழுது விடியும் முன் எழுந்து ஓட்டம், உடற்பயிற்சி. அப்புறம் வகுப்பு. சாயங்காலம் மைதானம். இரவில் வரிசையாக உட்கார்ந்து படிப்பு. நேரத்துக்கு விளக்கு அணையும். துணி மடிப்பது, ஷூவுக்குப் பாலீஷ் போடுவது எல்லாம் சொந்தக் கை. செல்போன் கிடையாது. லீவு விட்டால்தான் வீடு.

இதைக் கேட்டதும் அப்பாவுக்கு முகம் மலரும். ஆனால் பெட்டியில் படுக்கப் போவது அப்பா இல்லையே! ஓடியாடி விளையாடுகிற பையன், நாலு பேரோடு சேர்ந்தால் குஷியாகிற பையன், யூனிபாரத்தைப் பார்த்தால் நின்று பார்க்கிற பையன் என்றால் கொஞ்ச நாளில் ஒட்டிக் கொள்வான். தனியாக இருக்கவே விரும்புகிற பையனுக்கும், இரவில் அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால் கண் மூடாத பையனுக்கும் அது பெரிய சோதனை. வீட்டில் தினமும் சண்டை, அதனால்தான் பையன் முரடாக இருக்கிறான் என்றால், லீவில் அவன் திரும்பி வருவது அதே வீட்டுக்குத்தான்.

"தண்டனையாக அனுப்புகிறார்கள்" என்று பையன் மனதில் பட்டுவிட்டால் காரியம் கெட்டது. முதலில் அவனையே கேட்க வேண்டும். அதட்டிக் கேட்டால் தலையாட்டுவான். சாப்பிட்டு முடித்து நிதானமாக உட்கார்ந்து, "உனக்கு இஷ்டமாடா?" என்று கேட்டால் உண்மை வரும்.

கண்ணும் காலும்

எழுத்துத் தேர்வில் தேறினாலும் மருத்துவப் பரிசோதனை உண்டு. கண், காது, முழங்கால், பாதம் எல்லாம் பார்ப்பார்கள். தட்டைப் பாதம், முழங்கால் இடித்துக் கொள்வது, நிறக்குருடு இருந்தால் சிக்கல்தான். கோச்சிங்குக்குப் பணம் கட்டும் முன் பையனை ஒரு கண் டாக்டரிடம் காட்டிவிடுவது புத்திசாலித்தனம்.

செலவும் லேசு இல்லை. வருஷத்துக்கு லட்ச ரூபாயைத் தாண்டும். குடும்ப வருமானத்தைப் பொறுத்து உதவித்தொகை உண்டு. அதைப் பள்ளியிலேயே எழுதிக் கேட்டு உறுதி செய்து கொள்ள வேண்டும். "எனக்கு ஆள் தெரியும், சீட்டு வாங்கித் தர்றேன்" என்று எவராவது சொன்னால் ஒரு பைசா கொடுக்காதீர்கள். தேர்வு, மருத்துவப் பரிசோதனை, மெரிட் லிஸ்ட் இவை தவிர அமராவதி நகருக்குக் கொல்லைப்புற வாசல் கிடையாது.

கதவு மூடிவிடாது

இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. சைனிக் பள்ளியில் படித்தவன் கட்டாயம் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அதேபோல பட்டாளத்துக்குப் போக சைனிக் பள்ளியில்தான் படிக்க வேண்டும் என்பதும் இல்லை! தேசிய பாதுகாப்பு அகாடமி தேர்வை யூ.பி.எஸ்.சி. வருஷத்துக்கு இரண்டு தடவை நடத்துகிறது. பிளஸ்-2 படிக்கிற யாரும் வயது வரம்புக்குள் இருந்தால் எழுதலாம். தரைப்படைக்கு எந்தப் பிரிவு படித்தாலும் சரி. கடற்படை, விமானப்படைக்கு பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி, கணக்கு வேண்டும். எழுத்துத் தேர்வில் 900, நேர்முகத் தேர்வில் 900 மார்க்.

பையனுக்கு ஆசை இருக்கிறதா என்று தெரியவில்லையா? உள்ளூர்ப் பள்ளியில் என்.சி.சி. இருந்தால் சேர்த்துவிடலாம். காலையில் பரேடு, வெயிலில் கேம்ப். இரண்டு கேம்ப் போய் வந்த பிறகும் "இன்னும் போறேன்" என்கிறானா, போர்வையை இழுத்துப் போர்த்திக் கொள்கிறானா என்பது அதிகச் செலவில்லாமல் தெரிந்துவிடும்.

பட்டப்படிப்பு முடித்த பிறகும் வழி இருக்கிறது. சென்னை பரங்கிமலையிலேயே 1963 முதல் ராணுவ அதிகாரிகள் பயிற்சி மையம் நடக்கிறது. தாம்பரம் ரயிலில் தினமும் அந்த வழியாகத்தான் போய் வருகிறோம்.