நிழலுக்கும் அளவு உண்டு

மீள்குடியேறிய கிராமமொன்றில் சகோதரி ஒருவரின் வளவுக்குச் சென்றிருந்தேன். பற்றை மண்டிக் கிடந்த காணியைத் துப்புரவாக்கும்போது அவர் மரங்கள் அனைத்தையும் தறித்துவிட்டார். பின்னர் நட்ட மாங்கன்றுகளும் தோடைக் கன்றுகளும் வெயிலில் கருகிப் போயின. "நிழல் இருந்தால் பயிர் வராது எண்டுதானே தறிச்சனான்" என்று கவலைப்பட்டார்.

நிழல் பயிருக்குப் பகையா, துணையா? இதற்குக் காட்டைப் பார்த்தாலே விடை கிடைக்கும். காட்டின் உயர்ந்த மரங்கள் கூரைபோல விரிந்து வெயிலைத் தடுக்கின்றன. அடர்ந்த மழைக்காட்டின் தரைக்கு வருவது நூற்றில் ஓரிரு பங்கு ஒளி மாத்திரமே. இதனால் மண்ணின் ஈரம் காக்கப்படுகின்றது. உதிரும் இலைகள் உக்கிப் பசளையாகின்றன. ஆயினும் ஒளி போதாமையாலும், பெரிய வேர்கள் நீரை உறிஞ்சுவதாலும் கீழுள்ள கன்றுகள் பல ஆண்டுகள் சிறிதாகவே நிற்கின்றன. மேலே ஒரு மரம் சரிந்து இடைவெளி உண்டாகும்போதே அவை விரைந்து வளர்கின்றன.

எமது நாட்டின் சிங்கராஜ வனத்தின் ஓரத்தில் இது பரிசோதித்தும் பார்க்கப்பட்டது. அங்கு நடப்பட்டிருந்த பைனஸ் மரங்களின் கீழே, 1990களின் முற்பகுதியில் மழைக்காட்டு மரக்கன்றுகள் நாட்டப்பட்டன. பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான சாவித்திரி குணதிலக்க, நிமல் குணதிலக்க ஆகியோரும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் இம்முயற்சியில் ஈடுபட்டனர். ஓரிடத்தில் பைனஸ் மரங்களை அப்படியே விட்டனர். வேறிடங்களில் ஒரு வரிசை, மூன்று வரிசை என அகற்றினர். மூன்று வரிசை அகற்றிய இடத்திலேயே கன்றுகள் பொதுவாக நன்கு வளர்ந்தன. முழு நிழலைவிட, இருபுறமும் மரங்கள் நிற்க நடுவே ஒளி விழுந்த இடமே அவற்றுக்கு ஏற்றதாயிற்று.

எமது வரண்ட பிரதேசத்தில் வெயில் கடுமையானது, நீரோ குறைவு. எனவே காணி துப்புரவாக்கும் சகோதரிகள் எல்லா மரங்களையும் தறித்துவிட வேண்டாம். மேற்குப் பக்கத்தில் ஒரு வேம்பையாவது விட்டால் பின்னேர வெயில் தணியும். மாரிக்கு முன் அதன் தாழ்ந்த கிளைகளைக் கழித்துவிடுங்கள். மிளகாய், கத்தரி, வெண்டி என்பவற்றை வெளியான இடத்திலும், மஞ்சள், இஞ்சி, கரணைக்கிழங்கு என்பவற்றை மர நிழலிலும் நடலாம். புதிய பழமரக் கன்றுகளுக்கு முதல் கோடையில் கிடுகு மறைப்புக் கட்டி, வேரூன்றிய பின் சிறிது சிறிதாக நீக்குங்கள்.

அந்தச் சகோதரி தறித்த வேம்பின் அடிக்கட்டையில் இப்போது துளிர் விட்டிருக்கின்றது. இம்முறை அதனை அவர் வெட்டவில்லை.