கண்டி யாத்திரையும் படங்களின் சேமமும்

மலைகள் நாற்புறமும் அரணாய்ச் சூழ, கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில், வாவிக் கரையில் புத்தரின் புனிதப் பல்லைப் போற்றும் தலதா மாளிகை விளங்க நிற்கும் கண்டி மாநகருக்கு வருகின்ற பிரயாணிகளுள், காமிராவோ கைத்தொலைபேசியோ இன்றி வருகிறவர் இன்று மிகச் சிலரே. அதிலும், ஆண்டுதோறும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களையொட்டி நிகழும் எசல பெரஹரா உற்சவ காலத்தில், முதல் ஐந்து இரவுகள் கும்பல் பெரஹராவும் அடுத்த ஐந்து இரவுகள் ரந்தோலி பெரஹராவும் வீதியுலா வருகையில், பேழை சுமந்து வரும் மாளிகை யானையையும், அதனைத் தொடர்ந்து வரும் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயங்களின் ஊர்வலங்களையும், கொப்பராப் பந்தங்களின் செவ்வொளியில் சுழன்றாடும் நடனக்காரரையும் படம் பிடிக்க முற்படுகிறவர், ஒரே இரவில் சில நூறு படங்களைச் சேர்த்துவிடுவது சர்வசாதாரணம். மறுநாள் பேராதனைப் பூங்காவின் 147 ஏக்கர்ப் பரப்பைச் சுற்றி வந்தால் மேலும் சில நூறு. ஹந்தானை மலைச்சாரலில் தேயிலைக் கொழுந்து பறிக்குமிடத்தில் மேலும் சில நூறு. இவ்வளவும், 32 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் கொண்ட ஒரேயொரு மெமரி கார்டிலோ, சட்டைப்பையிலுள்ள ஒரேயொரு தொலைபேசியிலோ, வேறெங்கும் பிரதியின்றித் தங்கியிருக்கின்றன.

பிரயாணச் சீட்டு தொலைந்தால் வேறொன்று வாங்கலாம். உடை நனைந்தால் உலர்த்தலாம். ஆனால், முதுமையில் தளர்ந்த தாயாரைக் கைப்பிடித்து வாவிக் கரையில் நடத்திச் சென்ற அந்த ஒரு மாலையின் படம் அழிந்துவிட்டால், அதனை மீண்டும் எடுப்பதற்கு உலகில் எந்தச் சாதனமும் இல்லை. ஆகவே, படமெடுப்பதற்குச் செலவிடும் சிரத்தையில் ஒரு பகுதியேனும் அதனைக் காப்பதற்கும் செலவிடப்பட வேண்டும் என்பதையும், அதற்குரிய வழிகள் எளியவை என்பதையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணாடித் தகடுகளின் காலம்

கண்டிக்கும் புகைப்படக் கலைக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1860-களின் பிற்பகுதியில் கண்டியைத் தம் தொழிற்களமாகக் கொண்டிருந்த ஜோசப் லோட்டன், 1870, 1871 ஆண்டுகளில் அநுராதபுரத்தையும் பொலன்னறுவையையும் அரசாங்கத்தின் தொல்பொருட் பணிக்காகப் படமெடுத்தார். அவருக்குப் பின் சார்ள்ஸ் ஸ்கோவன் என்பார் 1870-களில் கண்டியில் படக்கூடம் நிறுவி, பேராதனையின் விருட்சங்களையும் மலைநாட்டுக் காட்சிகளையும் பதிவு செய்தார். அக்காலத்து முறையோ மிகக் கடினமானது. கண்ணாடித் தகடொன்றில் கொலோடியன் என்னும் பசையைப் பூசி, வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தோய்த்து, ஈரம் காயுமுன்னே படமெடுத்து, சில நிமிஷங்களுக்குள்ளாகவே அங்கேயே இருட்டறை அமைத்து அதனை உருத்துலக்க வேண்டும். காட்டினூடே இரசாயனக் குப்பிகளையும் கூடாரத்தையும் கண்ணாடிப் பெட்டிகளையும் ஆட்கள் சுமந்து செல்ல வேண்டியிருந்தமையால், எடுத்த ஒவ்வொரு படத்தின் அருமையையும் எடுத்தவர் தம் உழைப்பாலேயே உணர்ந்திருந்தார். தகடு உடைந்தால் உழைப்பு வீண். ஆயினும், அத்தகட்டிலிருந்து காகிதத்தில் அச்சிட்ட பிரதிகள் பலர் கைகளுக்குச் சென்றமையாலேயே, லோட்டனுடைய படங்களும் ஸ்கோவனுடைய படங்களும் நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் உலகத்து நூலகங்களில் காணக் கிடைக்கின்றன.

இலங்கையின் தலைசிறந்த புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட்டின் சரித்திரம் இவ்வுண்மையை இன்னும் அழுத்தமாக உணர்த்துகிறது. 1900-ஆம் ஆண்டு பிறந்து 1944-இல் காலமான அவர், கண்டிய நடனத்தின்பால் பேரார்வம் கொண்டு அதனைத் தம் காமிராவில் பதிந்தவர். 1934-இல் வெளிவந்த ‘இலங்கையின் கீதம்’ என்ற ஆவணப் படத்திற்கு வருணனைக் குரல் கொடுத்தவரும் அவரே. அவர் மறைந்த பின் அவருடைய நெகட்டிவ்கள் அழிக்கப்பட்டுவிட்டன. மூலம் முற்றிலும் அழிந்தும் அவருடைய கலை அழியாமற்போனதற்குக் காரணம், அவர் தம் காலத்திலேயே அச்சிட்டிருந்த படங்களும், அவற்றைக் கொண்டு 1950-இல் வெளியிடப்பெற்ற தொகுப்பு நூலுமேயாகும். மூலம் ஒன்றையே நம்பியிருந்தால், அந்த மேதையின் வாழ்நாட் பணி முழுவதும் இன்று வெறும் செவிவழிச் செய்தியாகியிருக்கும்.

டிஜிட்டல் படம் அழியும் விதம்

1975-ஆம் ஆண்டு கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியியலாளர் உருவாக்கிய முதல் டிஜிட்டல் காமிரா, ஒரு படத்தைக் காசெட் நாடாவில் பதிவதற்கு 23 வினாடி எடுத்துக்கொண்டது. இன்றைய தொலைபேசியோ ஒரு வினாடிக்குள் பல படங்களைப் பதிந்துவிடுகிறது. எளிமையால் விளைந்த அலட்சியமே இன்றைய பேரபாயம். மெமரி கார்டிலுள்ள சில்லுகளில் மின்னூட்டமாகத் தங்கியிருக்கும் படம், எழுதிக்கொண்டிருக்கும்போதே கார்டைப் பிடுங்கி எடுத்தாலோ, மின்கலம் நடுவில் தீர்ந்துபோனாலோ, பல கருவிகளில் மாற்றி மாற்றிச் செருகினாலோ, தன் அட்டவணை குலைந்து திறக்க முடியாததாகிவிடக்கூடும். அதற்கும் மேலாக, தொலைத்தலும் திருட்டும், இடமில்லையென்று அவசரத்தில் எதையோ அழிக்கப் போய் வேறெதையோ அழித்துவிடுதலும், பிரயாண காலத்தில் சகஜமான சம்பவங்கள்.

இதற்குப் பரிகாரமாக அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் குரோ என்பார் வகுத்துப் பிரபலப்படுத்திய விதி, ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என்று சுருக்கமாக வழங்குகிறது. ஒவ்வொரு படத்திற்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும்; அவை இரண்டு வெவ்வேறு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும்; அவற்றுள் ஒன்றேனும் வேறோர் இடத்தில் இருக்க வேண்டும். கார்டு ஒன்று, ஹார்டு டிஸ்க் ஒன்று, இணையச் சேமிப்பு ஒன்று என்பது இவ்விதியின் எளிய உருவம்.

மாலைக் கடமை

இதனைக் கண்டிப் பிரயாணத்தில் அனுசரிக்கும் முறையைப் பார்ப்போம். பகலெல்லாம் சுற்றி அறைக்குத் திரும்பியதும், கார்டிலுள்ள அன்றைய படங்களை லேப்டாப்புக்கோ, லேப்டாப் இல்லாதவர் ஒரு கார்டு ரீடரையும் இணைப்புக் கம்பியையும் கொண்டு தொலைபேசி வழியாகவே ஓர் எஸ்.எஸ்.டி.க்கோ, தேதியும் இடமும் குறித்த தனி ஃபோல்டரில் படியெடுக்க வேண்டும். சுழலும் தகடுடைய பழைய ஹார்டு டிஸ்க் விலை குறைந்ததாயினும், கீழே விழுந்தால் சேதமுறும் தன்மையது. உட்பாகம் எதுவும் அசையாத எஸ்.எஸ்.டி.யே மலைப்பாதைப் பிரயாணத்திற்கு உகந்தது. படியெடுத்தவுடன் எண்ணிக்கை ஒத்திருக்கிறதா என்று நோக்கி, நாலைந்து படங்களைத் திறந்தும் பார்த்த பின்னரே அது பிரதியெனக் கொள்ளத்தக்கது.

அதன்பின்னும் கார்டை அழித்துவிடலாகாது என்பதே நான் வற்புறுத்திச் சொல்ல விரும்பும் விஷயம். பெரிய கார்டு ஒன்றுக்குப் பதிலாக நடுத்தர அளவினவாகச் சில கார்டுகளை வாங்கி, நிறைந்ததை உறையிலிட்டு, அதன் பக்கத்திலுள்ள சிறு பூட்டை எழுதவொண்ணாதபடி நகர்த்தி வைத்து, ஊர் திரும்பி வேறிரு பிரதிகள் எடுக்கும்வரை அதனைத் தொடாதிருப்பதே விவேகம். மூலத்தையும் பிரதியையும் ஒரே பையில் வைப்பது, வீட்டுச் சாவியையும் மாற்றுச் சாவியையும் ஒரே வளையத்தில் கோத்து வைப்பதற்கு ஒப்பாகும். ஆதலால், டிஸ்க் ஒருவர் பையிலும் கார்டுகள் இன்னொருவர் பையிலுமாக இருத்தல் வேண்டும். பெரஹரா நெரிசலில், அன்று எடுக்கும் கார்டைத் தவிர ஏனையவற்றை அறையிலேயே விட்டுச் செல்வது நலம்.

மூன்றாவது பிரதி இணையத்தின் வழியே செல்ல வேண்டியது. கூகுள் போட்டோஸ் 2021-ஆம் ஆண்டு ஜூன் முதல் தேதியிலிருந்து அளவற்ற இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டமையால், இப்போது இலவசமாகக் கிடைப்பது 15 ஜி.பி. மட்டுமே, ஆப்பிளின் ஐகிளவுடில் அது 5 ஜி.பி. ஆகவே, புறப்படுமுன்னரே எவ்வளவு இடம் எஞ்சியிருக்கிறதெனப் பார்த்து, வேண்டுமாயின் ஒரு மாதத்திற்கேனும் கட்டணம் செலுத்தி இடம் பெறலாம். வேகத்தையும் கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்: ஒரு படம் 5 எம்.பி. எனக் கொண்டால், 500 படங்கள் 2.5 ஜி.பி. ஆகின்றன, வினாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஏற்றும் விடுதி வை-ஃபையில் அவற்றை அனுப்ப ஒரு மணி நேரத்திற்கும் சற்றுக் கூடுதலாகும். காமிராவின் ‘ரா’ வகைக் கோப்புகளோ ஒவ்வொன்றும் 25 எம்.பி. அளவினவாயின், அதே எண்ணிக்கைக்கு ஐந்தரை மணி நேரம் தேவை. இரவில் தொலைபேசியை மின்னேற்றியில் இணைத்து, எல்லாரும் உறங்கும் வேளையில் ஏற்றவிடுவதும், அனைத்தையும் அனுப்ப இயலாவிடின் சிறந்தவற்றைத் தெரிந்து அனுப்புவதும் தக்க உபாயங்கள்.

இங்கே இரு எச்சரிக்கைகள் அவசியமாகின்றன. ஐகிளவுட் போன்றவை தொலைபேசியையும் இணையத்தையும் ஒன்றுபோல் வைத்திருப்பவை. தொலைபேசியில் ஒரு படத்தை அழித்தால் அங்கும் அது அழிந்துவிடும். அழித்தவை ஐகிளவுடில் 30 நாளும், கூகுளில் ஏற்றிய படமாயின் 60 நாளும் குப்பைத் தொட்டியில் காத்திருக்கும் என்பது ஆறுதலேயாயினும், அதனையே நம்பியிருத்தல் தகாது. இரண்டாவது, வாட்ஸ்அப்பில் உறவினர்க்கு அனுப்பிய படத்தைப் பிரதியெனக் கருதலாகாது. அச்செயலி சாதாரணமாகப் படத்தைச் சுருக்கி அனுப்புவதால், மூலத்தின் நுட்பம் குன்றிப்போகிறது. முழு உருவில் அனுப்ப வேண்டுமாயின் ‘டாக்குமென்ட்’ ஆக அனுப்ப வேண்டும்.

நக்கிள்ஸ் மலைத்தொடரின் மடியிலுள்ள மீமுரே போன்ற கிராமங்களுக்குச் செல்வோர், அங்கே தொலைபேசி அலைவரிசை கிடைப்பது அரிதென்பதை நினைவிற்கொண்டு, முந்தின இரவே இணையப் பிரதியை முடித்துவிட வேண்டும். மலைநாட்டு மழையும் ஈரக்காற்றும் கருவிகளுக்குப் பகையாதலால், கார்டுகளையும் டிஸ்கையும் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப்புகாத பையில் வைத்தல் நன்று.

இவ்வளவுக்குப் பின்னும் கார்டிலிருந்து படங்கள் அழிந்துவிட்டால், மனம் பதறாமல் அக்கணமே அக்கார்டை உபயோகிப்பதை நிறுத்திவிட வேண்டும். அழித்தல் என்பது பெரும்பாலும் அட்டவணையிலுள்ள குறிப்பை நீக்குவதேயன்றிப் படத்தையே துடைத்தெறிவதன்று. புதிய படம் அவ்விடத்தில் பதியாத வரையில், ‘போட்டோரெக்’ போன்ற இலவச மென்பொருள்கள் கணினியின் துணையால் அவற்றை மீட்டுத் தரக்கூடும். தொலைபேசியின் உள் நினைவகத்திலிருந்து மீட்பது இதனினும் கடினம்.

பழைய படங்களும் புதிய கடமையும்

கண்டிக்கு வரும் தமிழர் எல்லாரும் காட்சி காண மட்டும் வருகிறவர்களல்லர். 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட நாள்முதலாகத் தழைத்த தோட்டத் தொழிலால், தமிழ்நாட்டிலிருந்து வந்து மலையில் வேரூன்றிய குடும்பங்கள் எண்ணிறந்தன. 1964-ஆம் ஆண்டு இலங்கையும் இந்தியாவும் செய்துகொண்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் விளைவாக அவற்றுட் பல, அண்ணன் ஒரு நாட்டிலும் தங்கை மறு நாட்டிலுமாகப் பிரிந்துபோயின. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நீலகிரியிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் வந்து, பாட்டனார் வாழ்ந்த லயம் என்னும் தோட்டக் குடியிருப்பைத் தேடிச் செல்கையில், அங்குள்ள உறவினர் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டும் பழைய கறுப்பு வெள்ளைப் படமொன்றே, அக்குடும்பம் ஒருசேர நின்றதற்கு எஞ்சிய ஒரே சாட்சியாக இருக்கக்கூடும். அப்படத்தைக் கண்ணாடிச் சட்டத்திலிருந்து கவனமாக எடுத்து, ஜன்னலோர வெளிச்சத்தில் சமதளத்தில் வைத்து, நேர்மேலிருந்து தொலைபேசியால் படமெடுத்து, பின்புறத்து எழுத்தையும் எடுத்து, நிற்பவர் பெயர்களை மூத்தவரிடம் கேட்டுக் குறித்துக்கொள்வது, அந்தப் பிரயாணத்தில் செய்யத்தக்க மிக உயர்ந்த காரியமாகும். அப்பிரதியும் அன்றிரவே மூன்று இடங்களுக்குச் செல்ல வேண்டும்.

ஒரே பிரதியின் அபாயத்தைத் தமிழினம் தன் அநுபவத்திலேயே அறிந்திருக்கிறது. 1981-ஆம் ஆண்டு ஜூன் முதல் நாளையொட்டி யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. பிறர் வீடுகளில் பிரதியிருந்த நூல்கள் மீண்டு வந்தன, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகள் என்றென்றைக்குமாக மறைந்தன. 2005 முதல் ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் மின்னுருவாக்கி எவரும் காணக் கொடுத்துவரும் நூலகம் திட்டம், இந்த நஷ்டத்திற்கு எதிராகத் தமிழர் மேற்கொண்ட அறிவார்ந்த முயற்சியாகும்.

ஆதலால், படத்தைக் காக்கும் கலையின் முடிந்த முடிபு, அதனைப் பகிர்ந்தளிப்பதே என்று நான் கருதுகிறேன். கொழுந்து பறிக்கும் பெண்களை நாள்தோறும் எத்தனையோ பேர் படமெடுத்துச் செல்கிறார்கள். அப்படங்கள் கடல் கடந்து போகின்றன. எடுக்கப்பட்டவர் வீட்டுச் சுவரிலோ ஒன்றுமில்லை. அநுமதி கேட்டு எடுப்பதோடு நில்லாமல், முகவரி கேட்டுக்கொண்டு, கண்டி நகரத்துப் படக்கூடமொன்றில் அச்சிட்டு அவர்களுக்கு அனுப்பி வைத்தால், செய்ந்நன்றியும் நிறைவேறுகிறது, நம்மைச் சாராத ஓரிடத்தில் ஒரு பிரதியும் நிலைபெறுகிறது. நம் கார்டு பழுதாகலாம், நம் இணையக் கணக்கு நாளடைவில் மூடப்படலாம். நாம் கொடுத்த படத்தை, அதிலிருப்பவரும் அவர் மக்களும் தம் சொந்தப் பொருளாய்ப் பேணுவார்கள். யாத்திரையை முடித்துக்கொண்டு ஊர் திரும்புகிற ஒவ்வொருவரும் முதல் வாரத்திலேயே செய்ய வேண்டிய பணி இது.