கடலிலே காற்றுப் பஞ்சம்

நடுக்கடலில் காற்றுக்குப் பஞ்சம் என்றால் நேயர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் அஃது உண்மை. இராயபுரத்தை அடுத்த காசிமேட்டில் நிற்கும் விசைப்படகு ஒன்றில் ஏறி, கீழறைக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். மேலே கடற்காற்று அங்கவஸ்திரத்தைப் பறித்துக்கொண்டு போகும். கீழே டீசல் நெடியும் ஈரப் புழுக்கமும் மூச்சை முட்டும். மழையிலும் அலையிலும் தளத்தில் படுக்க முடியாதபோது நம் கடல் தொழிலாளர் ஒதுங்க வேண்டிய இடம் இதுவே.

இக்கஷ்டம் புதிதன்று. பாய்மரக் கப்பல்களின் காலத்தில் பாய்த்துணியைப் புனல்போல் தைத்துக் கட்டி, காற்றைக் கீழ்த்தளத்துக்குச் செலுத்தினார்கள். இன்று உலகைச் சுற்றும் பாய்மரப் படகோட்டிகள் சூரியனையே வேலைக்கு அமர்த்தியிருக்கிறார்கள். தளத்தில் சாண் அகலமும் இல்லாத ஒரு துவாரம். அதன்மேல் காளான் வடிவ மூடி. மூடியில் ஒரு சிறு சூரியத் தகடு. உள்ளே ஒரு சிறு விசிறி. பகலில் தகடு விசிறியைச் சுழற்றி, கூடவே பாட்டரியையும் நிரப்புகிறது. இரவில் பாட்டரி விசிறியைச் சுழற்றுகிறது. இயந்திரம் ஓட வேண்டியதில்லை. ஒரு சொட்டு டீசலும் செலவில்லை.

ஒன்றை மறத்தலாகாது. ஒரு துவாரம் போதாது. வெப்பக் காற்றை வெளியேற்ற ஒன்றும், புதுக் காற்றை உள்ளிழுக்க எதிர்ப்புறத்தில் மற்றொன்றும் வேண்டும். தகட்டின்மேல் நிழல் விழலாகாது. துவாரத்தின் விளிம்பில் நீர் கசியாதபடி பூச வேண்டும். உப்புக் காற்றில் துருப்பிடிக்காத எஃகே உதவும்.

மீன் அறையின் விஷயம் வேறு. அங்கே மீன் அழுகினால் விஷவாயு தோன்றும், பிராணவாயு குறையும். இறங்கியவன் மயங்குவான், அவனைத் தூக்க இறங்குபவனும் மயங்குவான். இச்சிறு விசிறியை நம்பி அதற்குள் இறங்குவது தற்கொலைக்கு ஒப்பாகும். மூடியைத் திறந்து வைத்து, பெரிய ஊதியால் காற்றைச் செலுத்தி, மேலே ஒருவரைக் காவல் நிறுத்திய பின்னரே இறங்க வேண்டும்.

1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் தன் 13-வது பிரிவில் காற்றோட்டத்தைக் கட்டாயமாக்கியது. 36-வது பிரிவில், விஷவாயு தங்கும் அறைகளுக்குள் தக்க பாதுகாப்பின்றி எவரையும் இறக்கலாகாது என்று விதித்தது. திருவொற்றியூர், எண்ணூர் ஆலைத் தொழிலாளிக்கு அன்றே ஒப்புக்கொள்ளப்பட்ட நியாயம், அவ்வாலைகளுக்கு எதிரே அலைமேல் உழைப்பவனுக்கு மட்டும் பொருந்தாதா? மூச்சுக்குக் கரையென்றும் கடலென்றும் பேதமுண்டோ?

இது கைகூடாத கனவு என்பாரும் உளர். கேரளத்தில் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே 75 பேர் ஏறும் ‘ஆதித்யா’ என்ற படகு 2017-ஆம் வருஷத்தில் சூரிய சக்தியைக் கொண்டு ஓடத் தொடங்கியது. ஒரு படகையே ஓட்டும் சூரியனுக்கு ஒரு விசிறி பெரிதா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் பழுது பார்க்கப்படும் பருவமும் அதுவே; கத்திரி வெயில் கொளுத்தும் பருவமும் அதுவே. பலகைக்கு வர்ணம் பூசும் சொந்தக்காரர்கள் அவ்வேளையில் இரு துவாரங்களும் இட்டுவிடலாம். விசைப்படகின் டீசலுக்கு வரிச் சலுகை தரும் அரசாங்கம், அப்படகில் உழைப்பவனின் மூச்சுக்கும் சிறிது மனமிரங்கட்டும். தொழிலாளர் சங்கங்கள் கூலியைக் கேட்கும் அதே குரலில் காற்றையும் கேட்கட்டும். கேட்பது தானமன்று, உரிமை.