பந்தயத் தடம் போன பிறகு ஓட்டுபவர்கள் எங்கே போவது?

இரட்டைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத மாணவர்கள் நம்மில் குறைவு. அந்தக் கோபுரங்கள் எழுந்திருக்கும் நிலம் ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடலாக இருந்தது. 1896இல் தொடங்கப்பட்ட சிலாங்கூர் டர்ஃப் கிளப், பல தலைமுறைகளாக ஜாலான் அம்பாங்கில் பந்தயம் நடத்தி வந்தது. நகரம் வளர்ந்தது, நிலத்தின் மதிப்பு ஏறியது, கிளப் சுங்கை பீசிக்கு இடம் மாறியது. பழைய திடல் கேஎல்சிசி ஆனது. அதில் 50 ஏக்கர் பொதுப் பூங்காவாக ஒதுக்கப்பட்டது. குதிரைகளுக்கு வேறு திடல் கிடைத்தது. மக்களுக்கு ஒரு பூங்கா கிடைத்தது.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்னொரு பந்தயத் தடமும் இப்படி மறுமேம்பாட்டுக்கு உள்ளானது. அதன் கதை வேறு மாதிரி முடிந்தது. நம் வயதுக்காரர்கள் பலருக்கு அதன் பெயர்கூடத் தெரியாது. அதுதான் பத்து தீகா பந்தயத் தடம்.

மூன்றாம் கட்டையில் ஒரு தடம்

'பத்து தீகா' என்றால் மூன்றாம் கட்டை. எங்கள் பத்துமலையின் பெயரில் உள்ள 'பத்து'வும் எண் அல்ல, கல்லைக் குறிக்கும் அதே மலாய்ச் சொல்தான். அங்கே அது மைல்கல்லைக் குறிக்கிறது.

1960களின் தொடக்கத்தில் மலேசிய கிராண்ட் பிரீ பந்தயம் சிங்கப்பூரின் தாம்சன் சாலையில் நடந்து வந்தது. 1965இல் சிங்கப்பூர் பிரிந்ததும் அந்தப் பந்தயம் சிங்கப்பூர் கிராண்ட் பிரீ ஆகிவிட்டது. மலேசியாவுக்கு என்று ஒரு தடம் தேவைப்பட்டது. 1968இல் பத்து தீகாவில் அது உருவானது. தென்கிழக்காசியாவில் சாலையை அடைத்துப் பந்தயம் நடத்திய காலத்தில், பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட நிரந்தரத் தடம் அது. பின்னாளில் அது ஷா ஆலாம் தடம் என்று அறியப்பட்டது. ஒரு சுற்றின் நீளம் சுமார் மூன்றரை கிலோமீட்டர்.

அதன் வரலாற்றில் துயரமும் உண்டு. 1977இல் பந்தயக் கார் ஒன்று தடத்தை விட்டு விலகிப் பார்வையாளர்கள் மீது பாய்ந்ததில் சிறுவர்கள் உயிரிழந்தனர். வேகத்தை வேடிக்கை பார்க்கவும் பாதுகாப்பு வேண்டும் என்பதை இந்த நாடு அன்று கடும் விலை கொடுத்துக் கற்றது.

1985 டிசம்பரில் உலக ஸ்போர்ட்ஸ் கார் வாகையர் போட்டியின் ஒரு சுற்று இங்கே நடந்தது. ஜாக்கி இக்ஸ், யோகன் மாஸ் இணை போர்ஷே காரில் வென்றது. 1991 முதல் 1997 வரை உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ பந்தயமும் இங்கேதான் நடந்தது. மிக் டூஹான் போன்ற உலக வாகையர்கள் சீறிப் பாய்ந்த தடம் இது.

1999 மார்ச் மாதம் சிப்பாங் அனைத்துலகத் தடம் திறக்கப்பட்டது. அதே ஆண்டு ஃபார்முலா ஒன் பந்தயமும் மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயும் அங்கே நடந்தன. பத்து தீகா தடம் 2003இல் உடைக்கப்பட்டது. இன்று அங்கே வீடுகள் இருக்கின்றன.

ஏன் உடைத்தார்கள்?

இதைப் பேராசை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். ஆனால் அது நியாயமல்ல.

தடம் கட்டப்பட்டபோது ஷா ஆலாம் என்ற நகரமே அப்போதுதான் உருவாகிக்கொண்டிருந்தது. 1978இல் அது சிலாங்கூரின் தலைநகர் ஆனது. 2000இல் மாநகர் தகுதி பெற்றது. தடத்துக்கு அருகில் கூட்டரசு நெடுஞ்சாலை, தொழிற்பேட்டைகள், வீடமைப்புப் பகுதிகள் எல்லாம் வளர்ந்தன. பந்தயத் தடம் ஆண்டில் பல நாள்கள் காலியாகவே கிடக்கும். வீடோ 365 நாளும் பயன்படும். ஞாயிற்றுக்கிழமை காலையில் இயந்திர இரைச்சலை எந்தக் குடியிருப்பாளர் விரும்புவார்?

இன்னொரு காரணம் பாதுகாப்பு விதிகள். வாகனங்களின் வேகம் கூடக்கூட, வளைவுகளுக்கு வெளியே சறுக்கிச் சென்று நிற்பதற்கான வெற்றிடம் அகலமாக வேண்டும். மருத்துவ மையம், வாகனங்களைப் பழுது பார்க்கும் கூடங்கள், அவசர வழி எல்லாம் வேண்டும். நகரத்துக்குள் சிக்கிக்கொண்ட பழைய தடத்தை அப்படி விரிவாக்குவது கடினம். சிப்பாங்கில் ஒரு சுற்று மட்டுமே 5.543 கிலோமீட்டர். ஆகவே பத்து தீகா மூடப்பட்டதில் வியப்பில்லை. மூடியபோது ஒரு கணக்கு விடுபட்டதுதான் சிக்கல்.

விடுபட்ட கணக்கு

சிப்பாங், உலக வாகையர்களுக்கான மாற்று இடம். வாரக் கடைசியில் தன் கப்சாய் மோட்டார் சைக்கிளை ஓட்டிப் பார்க்க விரும்பும் பதினெட்டு வயது இளைஞனுக்கு அது மாற்று இடமாகுமா? பத்துமலையிலிருந்து சிப்பாங் தடம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்வர எண்ணெய்ச் செலவு, தடத்துக்கான கட்டணம், பாதுகாப்பு உடை எல்லாவற்றையும் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் சமாளிக்க வேண்டும்.

சனிக்கிழமை நள்ளிரவுக்குப் பிறகு எம்ஆர்ஆர்2 சாலையிலிருந்து வரும் சத்தம் எங்கள் வட்டாரத்துக்குப் பழகிப்போன ஒன்று. 'மாட் ரெம்பிட்' என்றதும் பலரும் மலாய் இளைஞர்களையே நினைக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் நம் பையன்களும் இருக்கிறார்கள். என்னோடு ஐந்தாம் படிவம் படித்த நண்பன் ஒருவன், அப்படி ஓர் இரவில் விழுந்து காலில் இரும்புத் தகடு வைத்துக்கொண்டான். எஸ்பிஎம் தேர்வை மறு ஆண்டுதான் எழுதினான். அவன் உயிர் பிழைத்தவன். மலேசியச் சாலைகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 6,000 பேர் இறக்கிறார்கள். அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள்.

தடம் இருந்தால் சாலைப் பந்தயம் நின்றுவிடுமா? நிற்காது. பத்து தீகா தடம் இயங்கிய காலத்திலும் சாலையில் பந்தயம் ஓட்டியவர்கள் உண்டு. சிலருக்குச் சட்டத்தை மீறுவதில்தான் கிளுகிளுப்பு. ஆனால் எல்லாரும் அப்படியல்ல. தடத்தில் எதிரே லோரி வராது. எல்லாரும் ஒரே திசையில் ஓட்டுவார்கள். கொடி காட்ட ஆள் இருப்பார், ஆம்புலன்ஸ் காத்திருக்கும். விழுந்தாலும் சறுக்கிப்போய் நிற்க இடம் இருக்கும். இத்தனை வேறுபாட்டையும் 'ஒழுக்கக் கேடு' என்ற ஒரு சொல்லால் மூடிவிட முடியாது.

திறமைக்கு வழி திறந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே சான்று உண்டு. 1994இல் தொடங்கிய கப் பிரீ பந்தயத் தொடர், சாதாரண கப்சாய் வண்டிகளைத் தடத்துக்குக் கொண்டுவந்தது. அந்த வழியில் வளர்ந்த கைருல் இட்ஹாம் பாவி, 2016இல் அர்ஜென்டினாவில் மோட்டோ3 பந்தயத்தை வென்றார். அம்பாங்கைச் சேர்ந்த ஹஃபிஸ் ஷாஹ்ரின் 2018இல் மோட்டோஜிபியில் களம் இறங்கிய முதல் மலேசியர் ஆனார்.

மற்றவர்கள் என்ன செய்தார்கள்?

சென்னைக்கு அருகே சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுபாதையில் பல ஆண்டுகள் பந்தயம் நடந்தது. அது நிரந்தரமல்ல என்பதை உணர்ந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் சொந்தத் தடம் அமைத்தது. 1990 முதல் அது இயங்குகிறது. அங்கே பந்தயம் பழகிய நரேன் கார்த்திகேயன், 2005இல் இந்தியாவின் முதல் ஃபார்முலா ஒன் ஓட்டுநர் ஆனார். அதே ஆண்டு நம் சிப்பாங்கில் ஓட்டி 11ஆம் இடத்தில் முடித்தார்.

லண்டனில் விம்பிள்டன் அரங்கம், நாய்ப் பந்தயத்துக்கும் ஸ்பீட்வே மோட்டார் சைக்கிள் பந்தயத்துக்கும் பெயர் பெற்றது. 2017இல் அது மூடப்பட்டது. அந்த இடத்தில் வீடுகளோடு ஒரு கால்பந்து அரங்கமும் எழுந்து 2020இல் திறக்கப்பட்டது. விளையாட்டு நிலத்தில் விளையாட்டுக்கும் பங்கு கிடைத்தது. ஆனால் ஸ்பீட்வேக்கு அங்கே இடமில்லை.

அமெரிக்காவின் நார்த் வில்க்ஸ்பரோ தடம் 1996இல் தன் கடைசிப் பெரிய நாஸ்கார் பந்தயத்தைக் கண்டு, பின் புல் மண்டிக் கிடந்தது. அதைச் சீரமைத்து 2023இல் மீண்டும் நாஸ்கார் பந்தயம் நடத்தினார்கள். உடைக்காமல் விட்டதால்தான் அது முடிந்தது.

நம் ஊரிலும் நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1957இல் விடுதலை முழக்கம் கேட்ட மெர்டேக்கா அரங்கத்துக்கும் 1990களில் மறுமேம்பாட்டு ஆபத்து வந்தது. இன்று அது தேசிய மரபுடைமை. 2007இல் அதன் பழைய தோற்றத்தை மீட்டெடுத்தார்கள்.

இப்போது நம் முறை

பத்து தீகாவிலிருந்து சிறிது தொலைவில், 1994இல் திறக்கப்பட்ட ஷா ஆலாம் அரங்கம் அண்மையில் இடிக்கப்பட்டது. 80,000 பேர் அமரக்கூடிய அரங்கம் அது. அதன் இடத்தில் புதிய விளையாட்டு வளாகம் வருகிறது. பழைய அரங்கத்தின் வாகன நிறுத்துமிடத்தில் ஒரு கார்ட் பந்தயத் தடமும் இயங்கி வந்தது. அரங்கத்தைப் பற்றிப் பேசிய அளவுக்கு அந்தச் சின்னத் தடத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. பெரிய கட்டடத்துக்குத் திட்ட வரைபடம் இருக்கும். அதன் ஓரத்தில் இளைஞர்கள் கூடிய இடத்துக்கு இருக்காது.

இதில் மாணவர்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். நான் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகு தெரிந்துகொண்ட ஒன்றைச் சொல்கிறேன். 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின்படி, ஊராட்சி மன்றங்கள் தங்கள் வட்டார மேம்பாட்டுத் திட்டத்தின் வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். மக்கள் எழுத்து மூலம் கருத்தோ எதிர்ப்போ தெரிவிக்கலாம். எங்கள் பத்துமலை செலாயாங் நகராண்மைக் கழகத்தின் கீழ் வருகிறது. உங்கள் பகுதி எதன் கீழ் வருகிறது என்று பாருங்கள். வரைவு வைக்கப்படும்போது போய்ப் பார்க்கும் இளைஞர்கள் மிகக் குறைவு. போனவர்களின் தேவைதான் ஏட்டில் ஏறும்.

அங்கே நாம் பெரிதாக எதையும் கேட்க வேண்டியதில்லை. இன்னொரு சிப்பாங் வேண்டாம். தொழிற்பேட்டை ஓரத்தில், வீடுகளுக்குத் தொலைவில், சிறிய வண்டிகள் ஓட்ட ஒரு குட்டித் தடம் போதும். பகலில் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்கள் தாங்கள் கட்டிய வாகனங்களைச் சோதிக்கலாம். 2010இல் ஷெல் எக்கோ மாரத்தான் ஆசியா போட்டி சிப்பாங்கில் நடந்தபோது, குறைந்த எரிபொருளில் அதிகத் தொலைவு ஓடும் வண்டிகளை மாணவர்களே கட்டிக் கொண்டுவந்தார்கள். தடம் ஒரு வகுப்பறையும்கூட. வார இறுதி மாலைகளில் அதையே குறைந்த கட்டணத்தில் இளைஞர்களுக்குத் திறந்துவிடலாம்.

பழையதை உடைக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பத்து தீகாவில் இன்று குடியிருக்கும் குடும்பங்களுக்கும் வீடு தேவைதான். எந்த இடத்தை மாற்றினாலும், "இதைப் பயன்படுத்தியவர்கள் நாளை எங்கே போவார்கள்?" என்ற கேள்விக்குத் திட்டத்திலேயே பதில் இருக்க வேண்டும் என்கிறேன். ஜாலான் அம்பாங்கின் குதிரைகளுக்கு அந்தப் பதில் கிடைத்தது. எம்ஆர்ஆர்2 சாலையில் ஓட்டும் பையன்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை.