கழுவினால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும்

மாம்பழ சீசன் வந்தால் கோயம்பேடு சந்தையில் உணவுப் பாதுகாப்புத் துறையினர் சோதனை நடத்துவதும், கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த பழங்களைப் பறிமுதல் செய்து அழிப்பதும் ஆண்டுதோறும் வரும் செய்தி. அதைப் படித்துவிட்டு, அன்று மாலையே தள்ளுவண்டியில் பளபளக்கும் பழத்தை விலை பேசி வாங்கி வருகிறோம். நன்றாகக் கழுவினால் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். கழுவுவது நல்லதுதான். ஆனால் நம் தட்டுக்கு வரும் ரசாயனத்தில் பெரும்பகுதியைத் தடுக்க வேண்டிய இடம் நம் வீட்டுக் குழாயடி அல்ல, கடையும் சந்தையும்தான். அங்கே கேள்வி கேட்கும் உரிமையைச் சட்டம் நமக்குத் தந்திருக்கிறது.

கார்பைட் கல் செய்யும் வேலை

கால்சியம் கார்பைட் வெல்டிங் பட்டறைகளில் பயன்படும் பொருள். ஈரம் பட்டதும் அசிட்டிலின் வாயுவை வெளியிடும். அந்த வாயு பட்டால் காய் ஓரிரு நாளில் நிறம் மாறிவிடும். தொழிற்சாலைக் கார்பைடில் ஆர்சனிக், பாஸ்பரஸ் போன்றவை சிறிதளவு கலந்திருக்கும். தொண்டை எரிச்சல், தலைசுற்றல், வாந்தி முதலியவை இதனால் வரலாம். கூடை கூடையாக அந்தக் கல்லோடு புழங்கும் கூலித் தொழிலாளிக்கு ஆபத்து இன்னும் அதிகம். அதனால்தான் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, கார்பைடால் பழுக்கவைத்த பழத்தை விற்பதையே தடை செய்கிறது. பழங்கள் இயல்பாகவே வெளியிடும் எத்திலின் வாயுவை மட்டும் 100 பிபிஎம் அளவு வரை பயன்படுத்தலாம்.

தோல் முழுக்க ஒரே மாதிரி மஞ்சள், காம்புப் பக்கம் முகர்ந்தால் வாசனை இல்லை, அறுத்தால் உள்ளே வெளிறிப்போய்ப் புளிக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். உறுதியாகச் சொல்ல ஆய்வகம்தான் வேண்டும். சீசனுக்கு முன்பே குவியும் பழத்தைத் தவிர்ப்பதும், முற்றிய காயை வாங்கி வைக்கோலிலோ அரிசிப் பானையிலோ பழுக்க வைப்பதும் பாதுகாப்பு.

கண்ணைப் பறிக்கும் நிறம்

2024 பிப்ரவரியில் பஞ்சு மிட்டாய் மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்தபோது ரோடமின் பி இருப்பது தெரிந்தது. துணிக்கும் காகிதத்துக்கும் ஏற்றும் சாயம் அது. முதலில் புதுச்சேரியும், அடுத்துத் தமிழ்நாடும் பஞ்சு மிட்டாய் விற்பனைக்குத் தடை விதித்தன. மறுமாதம் கர்நாடகம், நிறமூட்டிய பஞ்சு மிட்டாயோடு கோபி மஞ்சூரியனில் செயற்கை நிறம் சேர்ப்பதையும் தடை செய்தது.

உணவில் சேர்க்க அனுமதி பெற்ற செயற்கை நிறங்கள் நம் நாட்டில் சிலவே. அவற்றையும் குறிப்பிட்ட உணவுகளில், குறிப்பிட்ட அளவுக்குள்தான் சேர்க்கலாம். சில்லி சிக்கன் சாப்பிட்டதும் விரலில் ஒட்டும் சிவப்பு, சோப்புப் போட்டும் போகவில்லை என்றால் அது மிளகாய்த்தூள் தந்த நிறம் அல்ல. "கலர் போடாமல் கொடுங்கள்" என்று நாலு பேர் தொடர்ந்து கேட்டால் கடைக்காரர் மாறுவார்.

பஜ்ஜியும் செய்தித்தாளும்

சூடான பஜ்ஜியைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி எண்ணெயை ஒற்றி எடுக்கிறோம். எண்ணெய் தாளுக்குப் போகும்போது அச்சு மை பஜ்ஜிக்கு வருகிறது. அந்த மையில் ஈயம் போன்ற கன உலோகங்களும் தீங்கான வேதிப்பொருள்களும் இருக்கலாம். உணவைச் செய்தித்தாளில் மடிப்பதற்கு 2018ஆம் ஆண்டின் பேக்கேஜிங் ஒழுங்குமுறையே தடை விதித்திருக்கிறது. வாழையிலை, மந்தாரை இலை, அச்சில்லாத வெள்ளைத்தாள் ஆகியவற்றில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்; வீட்டிலிருந்து பாத்திரம் கொண்டுபோனால் இன்னும் நல்லது.

அடுப்படியில் செய்யக்கூடியவை

காய்கறியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவுங்கள். முட்டைக்கோஸின் வெளி இலைகளை எடுத்துவிடுங்கள். சமையல் சோடா கரைத்த நீரில் கால் மணி நேரம் ஊறவைத்து அலசினால், மேற்பரப்பில் படிந்த பூச்சிக்கொல்லி எச்சம் கணிசமாகக் குறையும். ஆனால் செடி உறிஞ்சி உள்ளே ஏற்றிக்கொண்ட மருந்து எந்தக் கழுவலுக்கும் போகாது. ஒரே காயைத் தினமும் சாப்பிடாமல் மாற்றி மாற்றி வாங்குவதும், அந்தந்தப் பருவத்துக் காயை வாங்குவதும் உடலில் சேரும் அளவைக் குறைக்கும்.

சட்டம் தரும் கை

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தில் பலருக்கும் தெரியாத ஒரு பிரிவு உண்டு. அதன் 40ஆவது பிரிவின்படி, வாங்கிய உணவைப் பொதுமக்களில் யாரும் கட்டணம் செலுத்தி அரசு உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கக் கொடுக்கலாம். வாங்கும்போதே, சோதனைக்குக் கொடுக்கப்போவதாகக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும் என்பது நிபந்தனை. மாதிரி கிடைத்த 14 நாளில் அறிக்கை வர வேண்டும். குறை உறுதியானால் கட்டணம் உங்களுக்குத் திரும்பக் கிடைக்கும். அறிக்கை மாவட்ட நியமன அலுவலருக்குப் போய் நடவடிக்கை தொடங்கும்.

பாதுகாப்பற்ற உணவை விற்றால், யாருக்கும் பாதிப்பு ஏற்படாவிட்டாலும் 3 மாதம் வரை சிறையும் 3 லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. உயிரிழப்பு நேர்ந்தால் குறைந்தது 7 ஆண்டு சிறை; குடும்பத்துக்குக் குறைந்தது 5 லட்சம் ரூபாய் இழப்பீடு. தனியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குத் தொடரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை.

ஆய்வகம் வரை போக நேரமில்லாதவர்கள் தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையின் 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் புகார் அனுப்பலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. கடையின் பெயர், இடம், தேதி, புகைப்படம், பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உரிம எண் ஆகியவற்றைச் சேர்த்து அனுப்புங்கள். ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ரசீது இல்லாத புகார் பாதி வழியிலேயே நின்றுபோகும்.

சோதனை நடத்த அதிகாரிகள் வருவார்கள் என்று காத்திருந்தால் சீசன் முடிந்துவிடும். அடுத்த முறை சந்தேகம் வந்தால் முணுமுணுத்துக்கொண்டு நகர்ந்துவிடாதீர்கள். ரசீது கேளுங்கள், படம் எடுங்கள், புகார் அனுப்புங்கள். உங்கள் ஒரு புகார், அதே கடையில் நாளை வாங்கப்போகும் குழந்தைக்கும் பாதுகாப்பு.