அண்ணே, இன்னைக்கு என்ன படம்?

தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் பின்னால் ஓர் அறை. உள்ளே இரண்டு விசிஆர், மாடுலேட்டர் அடுக்கு, சத்தம் போடும் மின்விசிறி, சுருட்டி வைத்த பாய். மொட்டை மாடியில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு டிஷ். 1990-களின் நடுவில் எங்கள் ஊர்க் கேபிளின் கண்ட்ரோல் ரூம் இவ்வளவுதான். ராத்திரி எட்டு மணி நெருங்கினால் அங்கே தொலைபேசி ஓயாமல் அடிக்கும். "அண்ணே, இன்னைக்கு என்ன படம்? நாங்க கேட்டு ஒரு வாரம் ஆச்சே!"

கேபிள் நடத்திய அண்ணன் ஒரு நோட்டில் குறித்து வைத்துக்கொள்வார். மூன்று வீட்டிலிருந்து ஒரே படத்தைக் கேட்டால் கேசட் வாடகைக்கு எடுக்கப்படும். ஒரே வீடு மூன்று முறை கேட்டால் கணக்கில் வராது. ஊர் முழுக்க அன்றைக்கு அந்தப் படம்தான். பிடிக்காதவர்களும் பார்ப்பார்கள்.

'வீடியோ ஆன் டிமாண்ட்' என்று இன்று விற்கப்படும் சரக்கை எங்கள் அண்ணன் அன்றைக்கே விற்றார் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் கேட்பதும் போடுவதும் அப்போதே இருந்தன. கேட்பது தொலைபேசியில் போயிற்று, அல்லது வசூலுக்கு வரும்போது வாசலிலேயே சொல்லப்பட்டது. படம் மட்டும் கேபிளில் வந்தது. வீட்டிலிருந்து கண்ட்ரோல் ரூமுக்குச் செய்தி கொண்டுபோகும் வழி அந்தக் கறுப்பு வயரில் கிடையாது. கடந்த முப்பது ஆண்டுகளின் கேபிள் கதையை அந்த ஒரு வழியைத் தேடிய கதையாகவே நான் பார்க்கிறேன்.

அதற்கும் முன்னால் கேட்கிற பேச்சே இல்லை. சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-ல் தொடங்கியது. வெள்ளிக்கிழமை 'ஒளியும் ஒலியும்', ஞாயிற்றுக்கிழமை படம். கொடுத்ததைப் பார்த்தோம். விரும்பியதைப் பார்க்க வேண்டுமானால் காதுகுத்தோ கல்யாணமோ வர வேண்டும். டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் ஓட்டுவார்கள். மூன்றாவது படத்தின் முடிவைப் பார்த்தவர்கள் எங்கள் தெருவில் யாரும் இல்லை.

1993 சித்திரை முதல் நாள் சன் டிவி வந்தது. கேபிள் இல்லாத வீடு ஏழை வீடு என்றானது. மரத்துக்கு மரம், மாடிக்கு மாடி வயர் இழுத்தார்கள். தூரம் போகப் போக சிக்னல் தேயும்; அதைத் தூக்கிவிட நடுநடுவே ஆம்ப்ளிஃபையர். அதற்குக் கரண்ட் வேண்டுமே? யாராவது ஒரு வீட்டிலிருந்து எடுப்பார்கள். அந்த வீட்டுக்குக் கேபிள் இலவசம். எங்கள் தெருவில் அந்த மரியாதை எதிர்வீட்டு மாமிக்கு. அவர் வீட்டில் ஃபியூஸ் போனால் பதினெட்டு வீட்டில் தொடர் நின்றுவிடும். எனவே மாமியிடம் யாரும் சண்டை போட்டதில்லை. இடி இடித்தால் எல்லா வீட்டிலும் ஒரே குரல்: "கேபிளைப் பிடுங்கு!" செம்பும் அலுமினியமும் உள்ள வயர் மின்னலையும் அழைத்து வரும்.

அமெரிக்காவில் டைம் வார்னர் நிறுவனம் இதே கேபிளில் வீட்டுக்கு வீடு கேட்ட படத்தைக் கொடுக்க முயன்றது. 1994 டிசம்பரில் ஃபுளோரிடாவின் ஒர்லாண்டோ நகரில் தொடங்கி, சுமார் 4,000 வீடுகளுக்குக் கொண்டுபோனது. பெட்டியின் விலையும் செலவும் கட்டுப்படியாகாமல் 1997-ல் மூடிவிட்டது. செலவுக்கு அப்பால் ஓர் எளிய கணக்கும் இருக்கிறது. கிரிக்கெட் ஆட்டத்தை ஊரே பார்த்தாலும் வயரில் ஓர் ஓட்டம் போதும். ஆளுக்கொரு படம் என்றால் ஆளுக்கொரு ஓட்டம் வேண்டும். நம் ஊர் டிஜிட்டல் கேபிளில் பழைய சேனல் ஒன்று பிடித்த 8 மெகாஹெர்ட்ஸ் இடத்தில் நொடிக்கு ஏறத்தாழ 38 மெகாபிட் போகும். எல்லோருக்கும் பொதுவான சேனல்கள் என்றால் பத்துப் பதினைந்தை அதில் அடைக்கலாம். நொடிக்கு 5 மெகாபிட் தின்னும் தனித்தனிப் படம் என்றால் ஏழு வீட்டோடு இடம் தீர்ந்துவிடும். எட்டாவது வீட்டுக்காரர் காத்திருக்க வேண்டியதுதான், அண்ணனின் நோட்டில் பெயர் எழுதியவரைப் போல.

இங்கே அந்தப் பேச்சுக்கே நேரமில்லை. கட்டணச் சண்டையே பெரிதாக இருந்தது. 2003 செப்டம்பரில் சென்னையில் கட்டணச் சேனல்களுக்கு செட்டாப் பாக்ஸ் கட்டாயமானது. 2011-ல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. 2017-ல் இலவசப் பெட்டியும் கொடுக்கத் தொடங்கியது. 2019-ல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கொண்டுவந்த முறையில் வரியோடு 153 ரூபாய் 40 காசு அடிப்படைக் கட்டணம், விரும்பும் சேனலுக்குத் தனிக்காசு. எங்கள் ஊருக்கும் பெட்டி வந்ததும் அண்ணனின் விசிஆர் பரணுக்குப் போனது. சேனல்கள் பூட்டுப் போட்டு மேலிருந்து வந்தன. சாவி அவரிடம் இல்லை. திருட்டு வீடியோவை 2004-லேயே குண்டர் சட்டத்துக்குள் கொண்டுவந்துவிட்டதால், புதுப்படம் போடும் தைரியம் அதற்கு முன்பே போய்விட்டது. அதில் தவறில்லை. ஆனால் நோட்டும் கூடவே போனது.

ஒருமுறை 'கேட்டதும் படம்' என்பது கிட்டத்தட்ட வாசல் வரை வந்தது. 2013 தொடக்கத்தில் கமல்ஹாசன் 'விஸ்வரூபம்' படத்தைத் தியேட்டருக்கு முன்பாக டிடிஹெச்சில், 1,000 ரூபாய்க்குக் காட்டத் திட்டமிட்டார். தியேட்டர்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஏழே ஆண்டில், கொரோனா ஊரடங்கில், 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தது. கமல் கொஞ்சம் சீக்கிரமாகப் பிறந்துவிட்டார் என்பது என் கட்சி.

நடுவில் நடந்த பெரிய மாற்றம் 2016 செப்டம்பரில் ஜியோ. கைபேசியில் டேட்டா மலிவாகி, வீட்டில் ஆளுக்கொரு திரை ஆனது. கேபிள் கட்டணம் கட்டுவோர் குறைந்தார்கள். அண்ணன் பிழைத்த விதம்தான் எனக்கு வியப்பு. பழைய வயரில் திரும்பும் வழியைத் திறக்க அவர் மெனக்கெடவில்லை. வழியில் இருந்த ஆம்ப்ளிஃபையர்கள் எல்லாம் ஒருபக்கமாகவே தள்ளக்கூடியவை, மாற்றினாலும் வீட்டுக்கு வீடு இரைச்சல் சேரும். கம்பத்தில் கை வைக்கும் உரிமையும் ஏணியும் அவரிடம் இருந்தன. அதே வழியில் ஃபைபர் இழுத்துவிட்டார்.

தலைமுடியை விடச் சற்றே தடித்த அந்தக் கண்ணாடி இழையில் மூன்று ஒளி ஓடுகிறது. 1550 நானோமீட்டரில் டிவி சேனல்கள், 1490-ல் வீட்டுக்கு வரும் இணையம், 1310-ல் வீட்டிலிருந்து போகும் இணையம். முப்பது ஆண்டு தேடிய வழி அந்த 1310-தான். கேபிளும் இணையமும் சேர்ந்த ஹைபிரிட் பெட்டியின் சூட்சுமமும் இதிலேயே அடங்கிவிடுகிறது. செய்தியும் கிரிக்கெட்டும் பொது ஓட்டமாகக் கேபிள் பக்கத்திலிருந்து வரும்; ரிமோட்டில் ஒரு படத்தைத் தேர்ந்தால் அதே பெட்டி இணையப் பக்கம் திரும்பும். ஓர் இழையை 64 வீடுகளுக்குப் பிரித்தாலும் வருவது நொடிக்கு 2.5 கிகாபிட், எல்லோரும் ஒரே ராத்திரி வேறு வேறு படம் பார்த்தால் ஆகும் செலவு 320 மெகாபிட். பழைய வயரில் இடித்த கணக்கு எங்கள் தெருவில் சரியாகிவிட்டது.

கண்ட்ரோல் ரூமுக்கும் வீட்டுக்கும் நடுவில் இந்த இழைக்குக் கரண்ட் வேண்டாம். பிரித்துக் கொடுப்பது ஒரு சிறு கண்ணாடிப் பிரிப்பான்தான். மாமி வீட்டு ஆம்ப்ளிஃபையரைக் கழற்றியபோது அவருக்கு மனது ஆறவில்லை. "இனிமே நானும் காசு குடுக்கணுமா?" என்று கேட்டார். கொடுக்கத்தான் வேண்டும். இழை வழியாக மின்னல் வராது என்று சொல்லிப் பார்த்தோம். இன்றும் வானம் இருட்டினால் பிளக்கைப் பிடுங்குகிறார். மின்கம்பி வழியாக வரக்கூடும் என்பதால் அதையும் தப்பென்று சொல்ல முடியாது.

மாமிக்கு வேண்டியது கறுப்பு வெள்ளைப் படங்கள். அதற்காக மாதச் சந்தா கட்டிய ஆப்கள் எல்லாவற்றையும் தேடினோம், பெரும்பாலும் இல்லை. யூடியூபில், இலவசமாக, விளம்பரத்தோடு கிடைத்தன. பெட்டி மாற்றப் போகிறவர்கள், பேக்கேஜில் எத்தனை ஆப் என்று எண்ணுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களிடம் நான்கு படத்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டு போங்கள்.

அண்ணனுக்கு இப்போது அறுபது நெருங்குகிறது. வசூல் ஜிபேயில். ராத்திரி எட்டு மணிக்கு மேல் அவருடைய போன் இன்றும் அடிக்கிறது. என்ன படம் என்று யாரும் கேட்பதில்லை. "அண்ணே, மோடத்துல சிவப்பு லைட் எரியுது" என்கிறார்கள். எங்கோ லாரி இழுத்து ஃபைபர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். ஏணியை எடுத்துக்கொண்டு கிளம்புகிறார்.